மூன்று பிள்ளைகளுக்கும் பிடித்த பாதை

மூன்று பேரும் வாசலில் தயாராக நின்றார்கள். தலையில் தடவிய தேங்காயெண்ணெய் நெற்றிவரை வழிந்து, காலை வெயிலில் மூன்று முகங்களும் புளி போட்டுத் துலக்கிய சொம்புபோல மின்னின. ராக்கம்மாவுக்குப் பதினொரு வயது. சடையனுக்கு ஏழு. பொன்னிக்கு மூன்று முடிந்துவிட்டதா, முடியப்போகிறதா என்பது பெற்றவளுக்கே சந்தேகம்.

பெற்றவள் அஞ்சலை, உள்ளே அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒற்றை அறை. குழவி உருளும் சத்தமும் மிளகாய் நெடியும் வாசல்வரை வந்தன. சடையன் இரண்டு தும்மல் போட்டான்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"சும்மா, ஒரு நடை," என்றேன்.

"சும்மா யாராச்சும் நடப்பாங்களா?"

"தொரைங்க நடக்கறாங்களே."

"தொரைங்க மூணு வேளையும் உக்காந்து திங்கறாங்க. அவங்க நடக்கணும்." குழவி ஒரு கணம் நின்றது. "பத்திரம். மத்தியானத்துக்குள்ள வந்துடணும்."

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயதிருக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. மனசுக்குள் கல்யாண ஆசை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே வேலையாட்களின் லயங்களுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்திலிருந்து மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். எந்தப் பக்கம் போவது என்று ஒரு வாரமாக யோசித்து முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு எவ்வளவு மோசமானது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

நடை பழகிய விதம்

போன வாரம் இந்தத் தொடரில், பூச்சோங் லம்பத்திலிருந்து, அதாவது ஈயச் சுரங்கத்திலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "நீர் ஓரிடத்திலும் நிலைக்க மாட்டீரா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நிலைத்து நிற்க ஆசைப்பட்ட கதையை இந்த வாரம் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்து எங்கள் ஆட்கள் யாரும் காற்று வாங்குவதற்காக நடந்ததில்லை. வேலைக்குப் போக நடந்தோம், வேலை போனால் அடுத்த வேலையைத் தேடி நடந்தோம். கப்பலிலிருந்து இறங்கிய நாளில் எனக்கு ஐந்து வயது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆட்களை நடத்தியே கொண்டுபோனார்கள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. செம்மண் சடக்குச் சாலை. இரண்டு பக்கமும் மரம். மழை பெய்து முடிந்து, சாலையே சூடாக மூச்சுவிடுவதுபோல ஆவி கிளம்பியது. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேனாம். அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். வாத்தியார் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. நானும் பள்ளிக்குத் திரும்பவில்லை. பிறகு ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டினேன். சுங்கை வேயில் பால் வாளி சுமந்தேன். கிள்ளானில் அரிசி மூட்டை, பிறகு லோரியில் கல் ஏற்றுகிற வேலை, பிறகு ஈய லம்பம், கடைசியில் ரயில் பாதை பழுதுபார்க்கிற கேங்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நடைதான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நான் இரண்டு முறை நடந்தே வந்திருக்கிறேன். ஒரு முறை காலில் செருப்பு இருந்தது.

அதனால் வழி தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு எண்ணம் எனக்கு. ரப்பர் மரம் நிற்கிற எந்தக் கித்தாக் காட்டுக்குள் குறுக்கு வழி இருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கலாம், மலாய்க் கிராமங்களில் எந்தக் கம்பத்து நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். மூன்று பிள்ளைகளை நடத்திக்கொண்டு போவது பெரிய காரியமா?

அஞ்சலையின் நிபந்தனை

அஞ்சலையின் புருஷன் சின்னசாமி எங்கள் ரயில்வே கேங்கில் இருந்தவன். நான் சேர்ந்த வருஷமே குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ஆள் போனால் லயத்து வீடும் போய்விடும். அஞ்சலை மூன்று பிள்ளைகளோடு அந்த ஒற்றை அறைக்கு வந்து, வீடுகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். அந்தப் பக்கத்தில் பாதி வீட்டுக் குழம்புகளில் அவள் கை மணம் இருந்தது.

நான் விறகு வெட்டிப் போடப் போவேன். போனால் ஒரு மங்குக் கோப்பை தேத்தண்ணீர் கிடைக்கும். இரண்டு வருஷம் இப்படி விறகும் தேத்தண்ணீருமாகப் போயிற்று. கேங்கை மேய்க்கும் எங்கள் மண்டோர்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏன்டா, இன்னும் எத்தனை மரத்தைடா வெட்டப் போறே? கேட்டுத் தொலைலா!" என்றார்.

கேட்டேன்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி, ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையின் அண்ணன் ஊரிலிருந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று கடுதாசி போட்டிருந்தார். தீபாவளிக்கு அடுத்த கப்பலுக்கு அவள் பெயர் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்கக் கூடாது.

அவள் கையில் மஞ்சளும் மிளகாயும் அப்பியிருந்தன. நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"என்னை ஏன் கேக்கறீங்க? நான் ஒருத்தி சரின்னு சொல்லிட்டா ஆச்சா? அதுங்க மூணும் உங்ககூட இருக்கணுமே."

"இருக்காதுங்களா?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டுப் பாருங்க. ஞாயித்துக்கெழமை எனக்குக் கறி மசாலா வேலை தலைக்கு மேல இருக்கு. இதுங்க காலைச் சுத்திக்கிட்டே கெடக்கும். போன வாரம் பொன்னி மொளகாய்க் கையைக் கண்ணுல வச்சுக்கிட்டா. ஞாயித்துக்கெழமைல கூட்டிட்டுப் போங்க. தீபாவளிக்குள்ள மூணும் வாயைத் தொறந்து 'இவரு இருக்கட்டும்மா'ன்னு சொல்லட்டும், நான் இங்கயே இருக்கேன். ஒண்ணு மொகத்தைத் திருப்பிக்கிட்டாலும் கப்பலுக்குப் பேரு குடுத்துடுவேன். அப்புறம் வந்து நிக்கக் கூடாது."

ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

கட்டைக்குக் கட்டை

கேங்குக்காரனுக்கு ரயில் பாதையைவிட நல்ல பாதை உலகத்தில் கிடையாது. மேடு பள்ளம் இல்லை. சேறு இல்லை. வழி தவறாது. தினமும் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைத்து நடந்து நடந்து என் கால் அந்த அளவுக்கே பழகிப்போயிருந்தது. பாசார்ச் சந்தைக்குப் போகும்போதும் நான் இல்லாத கட்டைகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறேன் என்று கேங்கில் கேலி செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. எந்த வண்டி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே என் முதல் நடையைத் தண்டவாளத்தின் மேலேயே வைத்துக்கொண்டேன். இன்றைக்கு யாரும் இப்படிச் செய்யாதீர்கள். அன்றைக்கு நானும் செய்திருக்கக் கூடாது.

என் காலுக்கு ஓர் எட்டாக இருப்பது சடையனுக்கு ஒரு தாவலாக இருந்தது. பத்துக் கட்டை சந்தோஷமாகத் தாவினான். பதினோராவதில் முழங்கால் சல்லியில் தேய்ந்தது. பொன்னி தாவவே இல்லை. முதல் கட்டையில் உட்கார்ந்து, வெயிலில் உருகிய தாரை விரலால் தொட்டு, அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ராக்கம்மா தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டைக்குக் கட்டை நடந்து வந்தாள். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். வெயில் ஏறியதும் குடையை விரித்தேன்.

பாதி வழியில் கிள்ளான் வண்டி வந்தது. சரிவில் இறங்கி நின்றோம். வண்டிக்காரர் சடையனைப் பார்த்துக் கையை ஆட்டி ஒரு ஊதல் கொடுத்தார். அதில் சடையன் முழங்காலை மறந்தான். திரும்பி வரும்போது அவன் கண்ட ஆளுக்கெல்லாம் ஊதல் கொடுத்துக்கொண்டு வந்தான். அந்த ஒரு ஓட்டு என் பக்கம் விழுந்தது.

அஞ்சலை மூன்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒருத்தன் முழங்காலில் ரத்தம், ஒருத்தி மூஞ்சியில் தார், ஒருத்தி உள்ளங்கால் இரண்டும் கொப்பளம்.

"நடக்கக் கூட்டிட்டுப் போனீங்களா, தண்டவாளம் பதிக்கக் கூட்டிட்டுப் போனீங்களா?"

ஏரித் தோட்டம்

ஸ்டேஷனைத் தாண்டி ஏரித் தோட்டம் என்ற பெரிய பூங்கா இருந்தது. வெள்ளைக்காரர்கள் குதிரையில் போகிற இடம் என்று நம் ஆட்கள் அதிகம் போவதில்லை. ஆனால் போகக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. தோட்டத்தில் புல் வெட்டுகிறவர்கள் எல்லாரும் தமிழர்கள்தானே, என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு தைரியம்.

தோட்டம் பொன்னிக்காகவே செய்ததுபோல இருந்தது. வெறுங்காலுக்குக் குத்தாத புல். அவள் உயரத்துக்குப் பூ. கரையோரம் தண்ணீருக்குள் சின்னச் சின்ன மீன். அவளை இறக்கிவிட்டதும் குனிந்து ஓர் எறும்பைப் பார்த்தாள். எறும்பு ஓர் இலையின் அடியில் போயிற்று. அது வெளியே வரும்வரை காத்திருந்தாள். வாசலில் இருந்து முதல் மரத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

சின்னப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்று வயசுக்குத் தூரம் என்பது கிடையாது. போய்ச் சேர வேண்டிய இடமும் கிடையாது. நிழலும் தண்ணீரும் ஊர்ந்து போகிற எதுவோ ஒன்றும் இருந்தால் போதும்.

ஏழு வயசுக்கு அப்படி இல்லை. சடையன் அதற்குள் இரண்டு மரம் ஏறி, ஒரு கிளையை ஒடித்து, தோட்டக்காரரிடம் மாட்டிக்கொண்டான்.

"யாருடா நீ? அது என்ன உங்கப்பன் வச்ச மரமா?" என்று அவர் காதைப் பிடித்தார்.

"எங்கப்பா ரயில்ல வேலை பாத்தாரு!"

"அப்ப போய் ரயில்ல ஏறு, மரத்துல ஏன் ஏர்றே?"

நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவராம். ஊரெல்லாம் பேசிக் கடைசியில் சடையனுக்கு ஒரு கொய்யாப்பழமும் கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் ராக்கம்மாவுக்கு அது நடந்தது. நான் திரும்பி வந்தபோது அவள் ஏரிக்கரைப் புல்லில் பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ் ஆயா. இரண்டு பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆயா பிரியமாகத்தான் கேட்டாள். "ஏம்மா, நீ எந்த வீட்டுல புள்ளை பாத்துக்கறே?"

ராக்கம்மாவின் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. எழுந்து, பொன்னியைத் தூக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

கிழிந்த பாவாடையைப் பார்த்து வேலைக்காரி என்று நினைத்துவிட்டார்கள், அதனால் பிள்ளைக்கு அவமானம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பணக்கார இடம் வேண்டாம், ஆள் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், "இங்க வேணாம்லா ராக்கு, வேற எடம் போவோம்," என்றேன்.

"ம்," என்றாள். அந்த ஏழெட்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசியது பெரும்பாலும் அந்த ஓர் எழுத்துதான். சடையன் என்னைக் கேங்கு மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். பொன்னி "மாமு" என்றாள். ராக்கம்மா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

தோல்விகள் சில

ஆற்றங்கரைக்குப் போனோம். சடையன் தண்ணீரைவிட்டு வரமாட்டேன் என்று அழுதான். பொன்னி தண்ணீருக்குப் பயந்து அழுதாள். ஒரே தண்ணீர், இரண்டு அழுகை.

குதிரைப் பந்தயத் திடலின் வேலியோரம் ஒரு வாரம் போனோம். வேலி இடுக்கில் குதிரை தெரிந்தது. பொன்னி அதை நாய் என்றாள். பெரிய நாய். பாதி வழி அதற்காகவே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று எல்லாரும் சிரித்தோம், ராக்கம்மாவும் சிரித்தாள். நான் நம்பிக்கையோடு வீட்டு வாசலில், "அடுத்த வாரமும் வர்றியா?" என்று கேட்டேன்.

"அம்மா போகச் சொன்னா வரேன்."

கேங்கில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் மண்டோர் முதலில் கேட்பது, "எத்தனை ஓட்டுடா?" என்பதுதான்.

"ரெண்டுண்ணே."

"மூணாவது?"

"பேச மாட்டேங்குது."

"பெரிய புள்ளை பெரிய தூரம் கேக்கும்டா. பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருந்தா அதுக்குச் சலிச்சுப் போவும். நல்லா தூரமா, மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போ."

அது எனக்கும் சரியாகப் பட்டது. தீபாவளிக்கு இரண்டு ஞாயிறுகள் மட்டுமே இருந்தன.

கித்தாக் காட்டு மேடு

பங்சார் பக்கம் அப்போதெல்லாம் கித்தா மரம்தான். காட்டை ஒட்டி ஒரு மேடு. மரம் வெட்டிப்போட்ட ஒரு பக்கம் முழுக்கப் புல் முளைத்து, மாடு மேய்ந்து மேய்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே வழுக்கலாக இருக்கும். கீழே கணுக்கால் நனைகிற ஓடை. எப்போதோ வேலை தேடிப் போன வழியில் அந்த மேட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

கித்தாக் கொட்டை வெடிக்கிற பருவம் அது. நிழலில் நடந்து போகையில் தலைக்கு மேலே 'பட்' என்று வெடித்து, கொட்டை இலைகளில் மோதி மோதிக் கீழே விழும். பொன்னி ஒவ்வொரு வெடிக்கும் தோளைக் குறுக்கிச் சிரித்தாள். சடையன் கொட்டை பொறுக்கிச் சட்டைப் பையை நிரப்பினான். ஒன்றைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி என் கையில் வைத்துச் சுட்டான். நான் கத்தியதில் அவனுக்கு அந்த நாள் அங்கேயே நிறைவாகிவிட்டது.

காட்டோரக் கம்பத்தில் ஒரு மலாய்க்காரம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். வேலியோரம் பாக்கு மட்டைகள் விழுந்து கிடந்தன. அகலமாக, உள்பக்கம் வழவழவென்று, ஆள் உட்காரலாம்போல. நான் ஒன்றைக் காட்டிக் கேட்டேன். பிள்ளைகளைப் பார்த்தார், சிரித்தார், "அம்பில், அம்பில்" என்று துடைப்பத்தாலேயே சைகை காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மட்டை எடுத்துக்கொண்டோம்.

மேடு ஏறினோம். சடையன் ஒரு மட்டையை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டான். அவனுக்குப் பின்னால் ராக்கம்மா, இடுப்பில் பொன்னி. கடைசியில் நான். குடை, சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு மட்டை.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஏறினேன். ராக்கம்மாவின் உடம்பு இடது பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளை உட்காருவதற்காக இடுப்பை ஒருபக்கம் தள்ளி, வலது கையால் முழங்காலை ஊன்றி ஊன்றி ஏறினாள். பத்து அடிக்கு ஒருமுறை நின்று பொன்னியை மேலே தூக்கி உட்காரவைத்துக்கொண்டாள். அவள் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

தண்டவாளத்தைத் தோளில் தூக்கும்போது மண்டோர் எங்களை உயர வரிசைப்படிதான் நிறுத்துவார். குள்ளமானவர்களுக்கு நடுவில் ஓர் உயரக்காரனை நிறுத்திவிட்டால், தண்டவாளம் முழுக்க அவன் தோளில் உட்கார்ந்துவிடும். மற்றவர்கள் கையை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வரலாம். புது ஆட்கள் வந்த ஒரு வாரம் எனக்கு அப்படி ஆகி, தோள்பட்டை வீங்கி, ஒரு மாதம் மல்லாந்து படுக்க முடியவில்லை. அந்த வேலையை மூன்று வருஷமாகச் செய்தவன் நான்.

அந்த மேட்டில் நின்று, போன வாரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ரயில் பாதையில், ஏரிக்கரையில், ஆற்றங்கரையில், பந்தயத் திடலில், எல்லா இடத்திலும் பொன்னி ராக்கம்மாவின் இடுப்பிலோ மடியிலோதான் இருந்தாள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ராக்கம்மா போனது ஒரே வழிதான். ஆயாவின் கேள்வி அவளைச் சுட்டதும் கிழிந்த பாவாடையால் அல்ல, அதனால்தான். நான் பாதை பாதையாகத் தேடிக்கொண்டிருந்தேன். குடையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. தம்பி தங்கையைப் பெரிய பெண் தூக்குவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகாத ஆம்பளை இன்னொருத்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் லயமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

"ராக்கு, நில்லு. அவளை இப்படிக் குடு."

"வேணாம். அவ அழுவா."

"அழட்டும்."

வாங்கினேன். பொன்னி அழுதாள். குழந்தையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல், சிமெண்டு மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தோளில் போட்டேன். இன்னும் பலமாக அழுதாள். பிறகு கழுத்தில் கால் போட்டு உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் அவளுக்கு உலகம் வேறு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். அழுகை பாதியில் நின்றது. என் காது இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

ராக்கம்மா அங்கேயே நின்றாள். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. இடுப்பு இன்னும் இடது பக்கம் தள்ளியே இருந்தது. அதை நேராக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள்.

"போ," என்றேன்.

நாலு எட்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

அப்படி ஓர் ஓட்டம்! சடையனைப் பாதி மேட்டில் தாண்டினாள். அவன், "ஏய், நான்தான் மொதல்ல! நான்தான் மொதல்ல!" என்று கத்தினான். தாண்டுகையில் பிடுங்கிய அவன் மட்டையோடு மேலே போய் உட்கார்ந்து, மட்டையின் ஓலைக் காம்பைப் பிடித்து உந்தினாள். புல்லில் ஒரு பாம்பு போகிற வேகத்தில் மட்டை எங்களைத் தாண்டிக் கீழே போயிற்று. போகிற போக்கில் அவள் கூச்சல் போட்டாள். அது ராக்கம்மாவின் குரல் என்று எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. அத்தனை நாளில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

ஓடையில் போய் விழுந்தாள். எழுந்து, நனைந்த பாவாடையோடு மறுபடியும் ஏறினாள்.

எத்தனை முறை சறுக்கினார்களோ. இரண்டு மட்டையும் கிழிந்து நாராகும்வரை சறுக்கினார்கள். ஒருமுறை நானும் பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினேன். பாதியில் மட்டை தனியாக, நாங்கள் தனியாகப் போனோம். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது மூன்று பேரும் வாய் கொள்ளாமல் சோற்றை அடைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மத்தியானத்துக்குள் வர வேண்டும் என்று அஞ்சலை சொன்னதை யாரும் நினைக்கவில்லை.

குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஓட்டு

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அஞ்சலை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் கழுத்தில் பொன்னி தூங்கி, என் தலைமேல் எச்சில் வடித்துக்கொண்டிருந்தாள். சந்தில் இருந்த பெண்கள் நான் எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். "பாரு, கேங்குக்காரருக்குக் கொம்பு மொளைச்சிருக்கு!" என்றாள் ஒருத்தி. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அஞ்சலை சிரிக்கவில்லை. நனைந்து உலர்ந்து விறைத்துப்போன ராக்கம்மாவின் பாவாடையைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"விழுந்துட்டேன்."

"எங்க?"

"ஓடையில. ஆறேழு வாட்டி."

நான் கால் மாற்றி நின்றேன். அஞ்சலை என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்டாள். "சடையனும் பொன்னியும் எப்பவோ சொல்லிட்டாங்க. நீதான் பாக்கி. தீபாவளி வந்துடுச்சு. நான் பேரு குடுக்கணுமா வேணாமா? சொல்லு."

ராக்கம்மா தலையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள்.

"நீ ஒருவாட்டி வந்து பாரும்மா. அப்புறம் சொல்றேன்."

"நான் வந்தா மசாலா யாரு அரைக்கறது?"

"ஒரு நாளைக்குக் காரமில்லாம திங்கட்டும்."



கடைசி ஞாயிறு

அந்த வாரம் தண்டவாளத்தில் நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மண்டோர் இரண்டு முறை திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது அஞ்சலை வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகி, வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மசாலா வாங்க வந்த பெண் ஒருத்தி, "என்னக்கா, கடையைச் சாத்திட்டே?" என்று கேட்டாள்.

"இல்லடி. சும்மா ஒரு நடை," என்றாள் அஞ்சலை. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஐந்து பேரும் கிளம்பினோம். சந்து முனை தாண்டுவதற்குள் பொன்னி கையை மேலே தூக்கிச் சிணுங்கினாள். அஞ்சலை அவளை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைத்ததும் அவள் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. நான் பார்த்தேன். அம்மா மகள் இரண்டு பேருக்கும் ஒரே சாய்வு. கை நீட்டலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தில் ஆட்கள் இருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

ராக்கம்மாவும் சடையனும் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். கித்தாக் காட்டு ஓரத்தில் ராக்கம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். வெறுங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கம்பத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"யம்மா! ஏன் நீ தூக்கிட்டு வர்றே? அவர்கிட்ட குடும்மா! அவரு தூக்குவாரு!"

கத்திவிட்டு எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சடையனைத் துரத்திக்கொண்டு மரங்களுக்குள் ஓடிவிட்டாள்.

அஞ்சலை சடக்கின் நடுவில் நின்றாள். என்னை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தாள். பிறகு பொன்னியை இடுப்பிலிருந்து எடுத்து, என்னிடம் நீட்டினாள்.